கொலனோஸ்கோபி: பயம் வேண்டாம், ஆயத்தம் வேண்டும்

எமது பெண்கள் தமது உடலைப் பற்றிக் கதைப்பது குறைவு. தலையிடி, முழங்கால் வலி என்றால் சொல்வார்கள். மாதவிடாய்ப் பிரச்சினையைக்கூட இப்போது தயக்கத்துடனாவது சொல்லப் பழகிவிட்டார்கள். ஆனால் மலத்துடன் இரத்தம் போகிறது என்பதை மட்டும் கணவனுக்கோ பெற்ற மகளுக்கோ சொல்வதில்லை. "சூட்டுக்குத்தான் போகுது", "மூலமா இருக்கும்" என்று தமக்குத் தாமே வைத்தியம் சொல்லிக்கொண்டு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் நடுச்சாமத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகின்ற அதே பெண்கள்தான் இவர்கள்.

நான் வைத்தியர் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, குண்டசாலைப் பகுதியில் பெண்கள் குழுக்களுடன் வேலை செய்யும் ஒரு சமூகப் பணியாளர். எமது குழுவில் பலவிதமான பெண்கள் இருக்கிறார்கள். வன்னியில் இருந்து வந்து பல்லேகலை ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுடன் தங்கியிருக்கும் அம்மாமார், 1983 இல் வீடு எரிந்து ஓடித் திரும்பி வந்த தோட்டத்துப் பெண்கள், 1990 இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சகோதரிகள், இராணுவத்தில் இருந்த கணவனைப் போரில் பறிகொடுத்த சிங்களப் பெண்கள் என எல்லோரும் ஒரே பாயில் அமர்ந்துதான் கதைக்கிறோம். அண்மைக் காலத்தில் எமது கூட்டங்களில் அடிக்கடி வந்த விடயம் குடல் பரிசோதனை. கொலனோஸ்கோபி என்று வைத்தியர்கள் சொல்லும் பரிசோதனை.

இந்தப் பரிசோதனையை விட்டு ஓடிவந்த பெண்கள் வைத்தியரைக் கண்டு ஓடியதில்லை. அதற்கு முதல்நாள் வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஆயத்தத்தைப் பற்றி எழுதுவது பயன் தரும் என்று நினைக்கிறேன்.

கொலனோஸ்கோபி என்றால் என்ன?

பெருவிரல் அளவு பருமன்கூட இல்லாத, நீண்ட, வளையக்கூடிய ஒரு குழாய். அதன் நுனியில் வெளிச்சமும் சிறிய கமராவும் இருக்கும். அதனை மலவாசல் வழியாக மெதுவாக உள்ளே செலுத்தி, பெருங்குடலின் உட்புறம் முழுவதையும் திரையில் பார்ப்பார்கள். புண், வீக்கம், இரத்தம் கசியும் இடம், 'பொலிப்' எனப்படும் சிறு சதை முளை ஆகியவை இதில் தெரியும். சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பொலிப் இருந்தால் பெரும்பாலும் அந்த வேளையிலேயே அகற்றிவிடுவார்கள். துணுக்கு எடுக்கும்போது வலி தெரியாது.

பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி என்ற விஞ்ஞானி, ஹரல்ட் ஹொப்கின்ஸ் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து, வளைந்த கண்ணாடி நார்க்கற்றை வழியாகப் படத்தைக் கொண்டுசெல்லலாம் என்று 1954 இல் காட்டினார். அந்த வழியில் வந்த கருவியைக் கொண்டு 1969 இல் நியூயோர்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு வைத்தியர்கள் பெருங்குடல் முழுவதையும் பார்க்கவும், வயிற்றை வெட்டாமலே பொலிப்பை அகற்றவும் தொடங்கினார்கள். பெருங்குடற் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்தச் சிறு முளையில் இருந்துதான் தொடங்குகின்றன. முளை புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடமளவு எடுக்கும். அந்தப் பத்து வருடத்துக்குள் அதைக் கண்டு அகற்றிவிட்டால் புற்றுநோயே வராமல் தடுக்கலாம். அதனால்தான் இந்தப் பரிசோதனைக்கு இவ்வளவு மதிப்பு.

2022 இல் உலகில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இறந்தார்கள். எமது நாட்டிலும் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. இது ஆண்களின் நோய், கிழவர்களின் நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் கேட்டி கூரிக் என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கணவர் 1998 இல் 42 ஆவது வயதில் பெருங்குடற் புற்றுநோயால் இறந்தார். இரண்டு சிறு பெண்பிள்ளைகளுடன் விதவையான அவர், 2000 மார்ச் மாதத்தில் தனக்குச் செய்யப்பட்ட கொலனோஸ்கோபியைத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்க்கும்படி காட்டினார். அதற்குப் பின் அந்நாட்டில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள முன்வந்தோர் தொகை கூடியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பெண் வெட்கத்தை ஒதுக்கிவைத்துப் பேசியதால் முன்பின் தெரியாத பலர் வைத்தியசாலைக்குப் போனார்கள்.

யார் வைத்தியரிடம் போக வேண்டும்?

அறிகுறி இல்லாத எல்லோரையும் அழைத்துக் கொலனோஸ்கோபி செய்யும் வழக்கம் எமது அரச வைத்தியசாலைகளில் இல்லை. ஆகவே அறிகுறியைக் கவனிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். மலத்துடன் இரத்தம் போதல், மலம் கறுப்பாகத் தார்போல் போதல், சில வாரங்களாக மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், வயிற்றில் கட்டி தட்டுப்படுதல் ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். தாய், தகப்பன், சகோதரர்களில் யாருக்காவது குடற் புற்றுநோய் வந்திருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னுமொன்று, குருதிச்சோகை. "உடம்பில் இரத்தம் காணாது" என்று பல வருடமாக இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் பெண்கள் எமது குழுவிலேயே இருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகும் இரத்தம் குறைந்துகொண்டே போனால், அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் பார்ப்பார்கள். குடலை அங்கே பார்ப்பதில்லை. ஆனால் அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவார்.

குண்டசாலைப் பக்கத்தில் உள்ளவர்கள் முதலில் மெனிக்ஹின்ன வைத்தியசாலைக்குப் போகலாம். கொலனோஸ்கோபி செய்வது கண்டி தேசிய வைத்தியசாலை, பேராதனை போதனா வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. காத்திருக்கும் காலம்தான் சற்று நீளமாக இருக்கும்.

ஓர் அக்காவின் அனுபவம்

எமது குழுவில் உள்ள ஓர் அக்காவின் கதையை அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. 2009 இல் புதுமாத்தளனில் ஷெல் துண்டு வயிற்றில் பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். அங்கே குடலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின் முகாம். காகிதங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இப்போது ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளுடன் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். பக்கத்து மூன்று குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரு மலசலகூடம். அது அறையில் இருந்து ஐம்பது அடி தள்ளி இருக்கிறது.

இரத்தம் போவதை ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தார். மகள்தான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஓர் அரச வைத்தியசாலையில் திகதி கொடுத்தார்கள். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள். தாள் முழுவதும் சிங்களம். மகளுக்கு இரவு வேலை. பக்கத்து வீட்டுப் பொடியன் மேலோட்டமாக வாசித்து, "இந்தத் தூளைக் கரைச்சுக் குடிக்கட்டாம்" என்று மட்டும் சொன்னான். சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்ததை அவன் சொல்லவில்லை. அக்கா முதல்நாள் மத்தியானம் குரக்கன் பிட்டும் வல்லாரைச் சம்பலும் சாப்பிட்டார். இரவில் தூளைக் கரைத்துப் பாதி குடித்தார். இருட்டில் மழைக்குள் ஐந்து தரம் மலசலகூடத்துக்கு ஓடிய பிறகு, "இனிக் காணும்" என்று மிச்சத்தை ஊற்றிவிட்டார்.

மறுநாள் குழாயை உள்ளே விட்டதும் குடலில் அழுக்கு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. வைத்தியர் இடையில் நிறுத்திவிட்டார். அடுத்த திகதி இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப் போனது. "நீங்க சரியாக் குடிக்கேல்லை" என்று யாரோ கடிந்தும் இருக்கிறார்கள். "இனி நான் செத்தாலும் போகன் பிள்ளை" என்று என்னிடம் வந்து அழுதார்.

அவருடைய கதையைக் குழுவில் கதைத்தோம். அன்று அங்கே இருந்த சிங்கள அக்கா ஒருவர், அவரும் போரில் கணவனை இழந்தவர், அந்தத் தாளை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான் அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். வீட்டோடு மலசலகூடம் உள்ள இன்னொருவர், "முதல்நாள் என்ர வீட்டில வந்து நில்லுங்க" என்றார். இரண்டாம் தடவை சிங்கள அக்காவே துணைக்குப் போனார். பரிசோதனை முழுதாக முடிந்தது. ஒரு பொலிப் இருந்தது. அகற்றினார்கள். அது புற்றுநோய் அல்ல, ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடிய வகை என்று அறிக்கை வந்தது. மூன்று வருடத்தில் திரும்பி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் தடவை தவறியது அக்காவின் பிழை என்று நான் நினைக்கவில்லை. தாளை வாசிக்க ஒருவர், ஓடிப் போக ஒரு மலசலகூடம், கூட நிற்க ஒரு துணை ஆகிய மூன்றும் அவருக்கு அன்று இல்லை. ஆயத்தம் என்பதில் இந்த மூன்றும் அடங்கும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை

கீழே எழுதுவது பொதுவான நடைமுறை. உங்களுக்கு வைத்தியசாலையில் தரும் தாளில் வேறு விதமாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே சக்கை குறைந்த சாப்பாடு சாப்பிட வேண்டும். வழமையாக நல்லது என்று நாம் சொல்லும் சாப்பாடுகளைத்தான் இந்த நாட்களில் விலக்க வேண்டும். கீரை, வல்லாரை, குரக்கன், சிவப்பரிசி, பயறு, கடலை, பருப்பு, தேங்காய்ப்பூ, கொய்யா, தக்காளி விதை, எள்ளு ஆகியவை வேண்டாம். வெள்ளைச் சோறு, வெள்ளை மா இடியப்பம், பாண், முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, தோல் சீவிய உருளைக்கிழங்கு ஆகியவை பரவாயில்லை.

முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். ஒரு கண்ணாடிக் கிளாசில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும். அதுதான் அடையாளம். பால் சேர்க்காத பிளேன்டி, வடித்த மல்லித்தண்ணி, வடித்த சூப்பு, வடித்த தேசிக்காய்த் தண்ணி, ஜீவனி, செவ்விளநீர் ஆகியவற்றைக் குடிக்கலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இளநீர், செவ்விளநீர் குடிக்க முன் கட்டாயம் வைத்தியரைக் கேளுங்கள். பால், கஞ்சி, கூழ் வேண்டாம். சிவப்பு, ஊதா நிறக் குடிவகைகளும் வேண்டாம். போர்ட்டெலோவைக் குடித்துவிட்டுப் போனால் குடலுக்குள் அது இரத்தம் போலத் தெரியும்.

பேதித் தூள் குடிக்கும் முறை

பெரும்பாலும் பொலிஎத்திலீன் கிளைக்கோல் கலந்த ஒரு தூள் தருவார்கள், அல்லது வெளி மருந்துக்கடையில் வாங்கச் சொல்வார்கள். அதை இரண்டு முதல் நான்கு லீற்றர் வரை தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதைத் தாளில் பாருங்கள். பல இடங்களில் பாதியை முதல்நாள் மாலையிலும் மீதியைப் பரிசோதனை அன்று அதிகாலையிலும் குடிக்கச் சொல்கிறார்கள். இப்படி இரண்டு தவணையாகக் குடிப்பதால் குடல் நன்றாகச் சுத்தமாகும்.

சுவை உப்புக்கரிக்கும். கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் குளிர வைத்தால் குடிப்பது இலகு. கால் மணித்தியாலத்துக்கு ஒரு கிளாஸ் என்ற அளவில் குடியுங்கள். இடையில் தேசிக்காய்த் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். ஓங்காளம் வந்தால் அரை மணித்தியாலம் நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டு மீண்டும் குடியுங்கள். ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்குள் வயிற்றோட்டம் தொடங்கும். முதலில் மலம், பிறகு கலங்கல் தண்ணீர், கடைசியில் தெளிந்த மஞ்சள் தண்ணீர். சிறுநீர் போலத் தெளிவாகப் போனால்தான் குடல் சுத்தம். அதற்கு முன் "இனிக் காணும்" என்று நிறுத்த வேண்டாம்.

அடிக்கடி போவதால் மலவாசல் எரியும். துடைக்காமல் தண்ணீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, கொஞ்சம் வஸ்லின் பூசுங்கள். தொடர்ந்து சத்தி எடுத்தால், மயக்கம் வந்தால், வயிறு ஊதிக் கடுமையாக வலித்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

தூளைக் கரைக்கும் முன் வைத்தியசாலைக்கு ஒரு தொலைபேசி எடுத்துத் திகதி சரிதானா என்று கேட்பது நல்லது. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளே நிறுத்திவைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. வெறும் வயிற்றோடு போய்த் திரும்பி வருவது ஏழைப் பெண்ணுக்குப் பெரிய நட்டம்.

மலசலகூடம்

இதை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. வீட்டுக்குள் மலசலகூடம் இருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையாகத் தோன்றாது. லயத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவானதைப் பாவிப்பவருக்கு, வாடகை அறையில் இருப்பவருக்கு, ஒரு காலை இழந்தவருக்கு இதுதான் முதல் பிரச்சினை. இரவில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் வழக்கம் எமது பெண்களுக்கு உண்டு. 2009 இல் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்ற நாட்களில் பழகியதை இன்றும் சிலர் விடவில்லை. அப்படிப்பட்டவரிடம் மூன்று லீற்றர் குடி என்றால் எப்படிக் குடிப்பார்?

ஆகவே திகதி கிடைத்த அன்றே இதைத் திட்டமிடுங்கள். வசதியான உறவினர் அல்லது சிநேகிதி வீட்டில் ஓர் இரவு தங்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால், "வீட்டில் வசதி இல்லை, முதல்நாளே விடுதியில் அனுமதிப்பீர்களா?" என்று கிளினிக்கில் கேளுங்கள். தனியாக வசிப்பவர்கள், வயதானவர்கள், நடக்க முடியாதவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டிலேயே செய்வதென்றால் வாளிகளில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். டோர்ச் லைட், செருப்பு, குடை கையருகே இருக்கட்டும். நடக்கச் சிரமப்படுபவருக்கு ஒரு கொமோட் கதிரையை இரவல் வாங்கி அறையில் வைத்து, ஒரு சேலையால் மறைப்புக் கட்டலாம். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் "இண்டைக்கு ராத்திரி எனக்கு மருந்து, கக்கூஸ் அடிக்கடி வேணும்" என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

திகதி எடுக்கும்போதே இவற்றைச் சொல்லுங்கள்:

வயிற்றில் முன்பு நடந்த சத்திரசிகிச்சைகள். சிசேரியன், கர்ப்பப்பை அகற்றியது, காயத்துக்காகக் குடலில் செய்தது எல்லாம். இவற்றால் குடல் அங்கங்கே ஒட்டியிருக்கக்கூடும். பெண்களின் பெருங்குடல் பொதுவாகச் சற்று நீளமானது, வளைவுகளும் கூட. அதனால் பெண்களுக்கு இப்பரிசோதனை சில வேளை கூடுதலாக வலிக்கும். அது உங்கள் பலவீனம் அல்ல. வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்தால் மருந்தையும் முறையையும் அதற்கேற்ப அமைப்பார்.

உடம்பில் இருக்கும் ஷெல் துண்டு, சன்னம். கொலனோஸ்கோபியோடு மட்டும் நிற்காமல் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அது பலமான காந்தத்தால் வேலை செய்வது. உலோகத் துண்டு இருப்பதை மறைக்கக் கூடாது. காகிதம் இல்லாவிட்டாலும் எந்த வருடம், எந்த இடத்தில் காயம், எங்கே சத்திரசிகிச்சை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கே எப்படிக் காயப்பட்டீர்கள் என்ற முழுக்கதையையும் சொல்லத் தேவையில்லை. உடம்பில் என்ன இருக்கிறது என்பதே வைத்தியருக்கு வேண்டும்.

எடுக்கும் மாத்திரைகள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும். அதை ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, நீரிழிவு மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம், வழமைபோல் எடுக்கவும் வேண்டாம். என்ன செய்வது என்று வைத்தியரிடம் கேளுங்கள். தலைக் காயத்துக்குப் பின் வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள் ஒரு வேளையையும் தவறவிடாமல் எப்படி எடுப்பது என்று கேளுங்கள். பேதியாகும் நாட்களில் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். கர்ப்பமாக இருந்தாலோ சந்தேகமிருந்தாலோ பால் கொடுத்தாலோ சொல்லுங்கள். மாதவிடாய் வந்துவிட்டால் பயந்து நிற்க வேண்டாம், பரிசோதனைக்கு அது தடையில்லை.

மனதையும் ஆயத்தப்படுத்துங்கள்

பரிசோதனை மேசையில் இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களை மடித்துப் படுக்க வேண்டும். பின்னால் நிற்பவர் முகம் தெரியாது. இது எல்லோருக்கும் சங்கடமானது. ஆனால் சோதனைச் சாவடியிலும் தடுப்பிலும் உடற்சோதனை என்ற பெயரில் அவமானப்பட்ட பெண்ணுக்கு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு, அந்த நேரத்தில் பழைய நினைவு திரும்பிவரலாம். உடம்பு விறைக்கலாம், மூச்சு முட்டலாம். அப்படி வந்தால் உங்களுக்குப் பைத்தியம் என்று அர்த்தமில்லை. நடந்ததை உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சில விடயங்களைக் கேட்கலாம். பெண் வைத்தியர் எப்போதும் இருக்கமாட்டார், ஆனால் பெண் தாதி ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். போர்வையால் மூடிவிடச் சொல்லலாம். ஒவ்வொன்றையும் செய்யும் முன் சொல்லச் சொல்லலாம். "முன்பு எனக்கு ஒரு கெட்ட அனுபவம் நடந்தது, தொடும் முன் சொல்லுங்கள்" என்ற ஒரு வசனம் போதும். விபரம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வைக்க முன் அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் கேளுங்கள். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

மொழி தெரியாத இடத்தில் ஐந்து சொற்களாவது கைகொடுக்கும். எமது சிங்கள அக்கா சொல்லித் தந்தவை இவை. "மட்ட சிங்ஹல தேரென்னே நே" என்றால் எனக்குச் சிங்களம் விளங்காது. "தெமளென் கியன்ன" என்றால் தமிழில் சொல்லுங்கள். "அல்லன்ன கலின் கியன்ன" என்றால் தொடும் முன் சொல்லுங்கள். "ரிதெனவா" என்றால் வலிக்கிறது. "நவத்தன்ன" என்றால் நிறுத்துங்கள்.

பரிசோதனைக்கு முன்போ பின்போ மனம் கலங்கினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

அன்றைய நாளும் அதன் பின்னும்

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். பெரும்பாலும் கை நரம்பில் மயக்க ஊசி போடுவார்கள். முழு மயக்கம் இல்லை, அரைத் தூக்கம் போல இருக்கும். பரிசோதனை அரை மணித்தியாலமளவில் முடிந்துவிடும். குடலை விரிக்கக் காற்று விடுவதால் வயிறு ஊதும். காற்றுப் பிரிந்தால் அடக்க வேண்டாம். அங்கே நிற்பவர்களுக்கு அது தினமும் கேட்கும் சத்தம்தான். அன்று பஸ்ஸில் தனியே வர வேண்டாம். அடுப்பு வேலை, தையல் மெஷின், பணம் எண்ணுதல், கையொப்பமிடுதல் எல்லாவற்றையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

குடலில் துளை விழுவது போன்ற பாரிய பாதிப்பு மிக அரிது. ஆயிரம் பேரில் ஒருவர் அளவில் அல்லது அதைவிடக் குறைவு. பொலிப் அகற்றினால் இரத்தம் போகும் வாய்ப்புச் சற்றுக் கூட. வயிறு கல்லுப்போல இறுகிக் கடுமையாக வலித்தால், காய்ச்சல் வந்தால், கட்டி கட்டியாக இரத்தம் போனால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

துணுக்கு எடுத்திருந்தால் அதன் அறிக்கை எப்போது, எந்த இடத்தில் கிடைக்கும் என்று அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து அறிக்கையை எடுக்காமலே விட்டுவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அறிக்கையை எடுத்து, கிளினிக்கில் காட்டி, ஒரு பிரதியைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். இடம்பெயர்ந்த எமக்குக் காகிதத்தின் பெறுமதியைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சகோதரிகளே, உங்கள் பக்கத்து வீட்டில் யாராவது இந்தப் பரிசோதனைக்குத் திகதி எடுத்திருந்தால், தாளை வாசித்துக் கொடுங்கள். முதல்நாள் இரவு உங்கள் வீட்டில் தங்க இடம் கொடுங்கள். மறுநாள் காலையில் கூடப் போங்கள். இவற்றுக்குப் பணம் தேவையில்லை. எமது அக்கா இப்போது குழுவுக்கு வரும் புதியவர்களுக்குத் தூள் கரைக்கும் முறையைத் தானே சொல்லிக் கொடுக்கிறார். கடைசிக் கிளாஸையும் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தரம் சொல்வார்.